களவு போன பதினொரு நிமிடம்

மறுபடியும் மூன்று. இருநூற்று ஒன்பது சோதனை வரிகள் பச்சையாக ஓடி வந்து, கடைசியில் மூன்று மட்டும் சிவப்பாக நின்றன. நேற்று நின்ற அதே மூன்று, காலையில் நின்ற அதே மூன்று. ஆறுக்குட்டி லேப்டாப்பை முறைத்தார். சிவப்பைக் கண்டு ஒதுங்கிய ஆள் இல்லை அவர். எழுபத்தொரு வயதில் நாற்பது வருஷம் சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிங்காநல்லூரில் மில் மில்லாக ஏறி இறங்கியவர். போலீஸ் வேனில் ஏறும்போதும் துண்டு கசங்காமல் பார்த்துக்கொண்டவர். ஆனால் இந்தச் சிவப்பு அவர் பக்கத்துச் சிவப்பு இல்லை. இது எதிரிக் கட்சிச் சிவப்பு. மூலையில் மணி இரண்டு நாற்பது என்று காட்டியது. நான்கு மணிக்குத் திருத்தம் வாங்குகிற கதவு மூடும். அதற்குள் இந்த மூன்றும் பச்சையாக வேண்டும், ஆகாவிட்டால் அவர் எழுதிய திருத்தம் இந்தப் பதிப்பில் ஏறாது, அடுத்த பதிப்பு ஆறு மாதம் கழித்து. திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை, அங்கே நூல் மில் பொம்பளைப் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்கும். நிற்க விடுவதா? ஏழாவது தடவை ஓட்டுவோம். ஒரு ஓட்டத்துக்கு ஆறு நிமிஷம். மலிவான லேப்டாப், மூச்சு வாங்கும், காற்றாடி அலறும், ஆனாலும் ஓடும், அவரைப் போலவே.

விஷயம் சின்னதுதான். வேலை நேரத்தைத் தொழிலாளியே தன் போனில் பதிந்து வைக்க ஒரு புரோகிராம். யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம். இப்படி ஒரு சொத்து உலகத்தில் இருக்கிறது என்று அறுபத்துநாலு வயதில் ஒரு பதினாறு பக்கப் பிரசுரத்தில் படித்தபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினோமோ அதை யாரோ சில பேர் சத்தமே போடாமல் ஓர் ஓரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய படிப்பு எல்லாமே பிரசுரப் படிப்புதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, பிரசுரம் விடவில்லை. பொருளாதாரம், சட்டம், சோவியத் விவசாயம், எல்லாம் ஸ்டேப்ளர் அடித்த காகிதத்தில் வந்தவை. கம்ப்யூட்டரும் அப்படியே வந்தது, ஏழு சிறு வெளியீடுகளில். ஆனால் அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் ஆபீஸ்காரர்கள், இரவு பன்னிரண்டோடு நாள் முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள். முழு நைட்டு பார்த்தவனுக்குத் தெரியும், இரவு பத்துக்கு ஏறி காலை ஆறுக்கு இறங்கினால்தான் அது ஒரு நாள் என்று. புரோகிராம் அந்த ஷிப்டைப் பன்னிரண்டு மணியில் இரண்டாக வெட்டி, முன்னால் உள்ள இரண்டு மணி நேரத்தைச் சில்லறை என்று தள்ளிவிட்டது. எட்டு மணி நேரம் நின்றவளுக்கு ஆறு மணி நேரம். நூல் மில் ஹாஸ்டலில் இருக்கும் சுடலைவடிவு, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "அந்த ரெண்டு மணி நேரம் நான் எங்கன இருந்தேன்னு இந்தப் பெட்டி நெனச்சுக்கிட்டிருக்கு, ஐயா?" என்று கேட்டாள். இருபது வரி. அந்த வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ள வெறும் இருபது வரிதான் எழுதினார். அந்த இருபது வரியை உள்ளே விடுவதற்குத்தான் இத்தனை பாடு.

ஓடுகிறது. முப்பது பச்சை, நாற்பது பச்சை. புரோகிராம் எழுதுகிற இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். பணக்காரக் கம்பெனிகளைப் போல இவர்களிடம் சோதனைகளை ஓட்டிப் பார்க்கப் பொது எந்திரம் கிடையாது. திருத்தம் கொடுக்கிறவன் தன் எந்திரத்திலேயே எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, வந்த முடிவை அப்படியே ஒட்டி, கீழே ஒரு வரி எழுத வேண்டும்: தவறியது எது, ஏன் தவறியது, எப்படிச் சரியானது. அவன் சொல்லை நம்பி ஏற்பார்கள். அந்த வழக்கம் ஆறுக்குட்டிக்குப் பிடித்திருந்தது. சொல்லுக்கு மரியாதை கொடுக்கிற இடம் என்று நினைத்தார். நேற்றுவரை. நேற்றுத்தான் தெரிந்தது, இது சதி. தன் இருபது வரியை எடுத்துவிட்டு ஓட்டினார், மூன்று சிவப்பு. புதுப் பிரதி இறக்கி, கை வைக்காமல் ஓட்டினார், மூன்று சிவப்பு. அப்படியானால் என்ன அர்த்தம்? அவர் திருத்தம் உள்ளே வரக்கூடாது என்று சோதனையையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். போன மாதம்வரை எல்லாம் பச்சையாக இருந்ததே. கேட்டை மூடுவது முதலாளிக்கு மட்டும் தெரிந்த கலை இல்லை. நேற்று மாலை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஓர் அறிக்கை போட்டார், பதினாலு பத்தி, 'ஜனநாயகத்தின் பெயரால்' என்று தொடங்கி. இதைப் பராமரிக்கிற கோகிலவாணி, மலேசியாவில் ஈப்போவில் இருக்கிற பெண், தோட்டத் தொழிலாளியின் பேத்தி, அதற்குக் கோபப்படவில்லை. இரண்டே வரி எழுதியிருந்தாள். "ஐயா, உங்க திருத்தத்தோட இங்கே ஓட்டிப் பார்த்தேன், எல்லாமே பச்சையாத்தான் வருது. உங்க எந்திரத்துல நேரம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்க்கிறீங்களா?" நேரமா? யாரிடம் கேட்கிறாள்? நாற்பது வருஷத்தில் ஒரு கேட் மீட்டிங்குக்குக்கூடப் பிந்திப் போகாதவனிடம். "நேரத்தைப் பற்றி எனக்கு வகுப்பு வேண்டாம், அம்மா" என்று பதில் போட்டார். போட்டதும் நெஞ்சுக்குள் ஒரு பழைய சூடு இதமாகப் பரவியது. அந்தச் சூடு இன்றைக்கு இல்லை.

நூற்றி எண்பது. இருநூறு. இப்போது. மூன்று சிவப்பு. ஒவ்வொன்றின் கீழும் அதே வாசகம், 'பதிவு எதிர்காலத்தில் உள்ளது, ஏற்க இயலாது', பக்கத்தில் ஓர் எண், அறுநூற்று அறுபது. இரண்டாவதில் அறுநூற்று அறுபத்தொன்று. மூன்றாவதில் மறுபடி அறுநூற்று அறுபது. நேற்றிலிருந்து இந்த எண் அவர் கண்ணில் மணல் மாதிரி உறுத்துகிறது. ஏதோ விதி எண் என்று தேடினார், அப்படி ஒரு விதி இல்லை. வரி எண் என்று பார்த்தார், அந்தக் கோப்பில் முந்நூறு வரிதான். பதிவு எதிர்காலத்தில் உள்ளது. வாழ்க்கை முழுக்க எதிர்காலத்தைப் பற்றியே பேசினோம், ஏற்க இயலாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சிரிப்பு வந்தது, வாயில் ஒரு கசப்பும். அறுநூற்று அறுபது. மில்லில் அவர் டோக்கன் எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. கிட்டுச்சாமியின் எண் ஐந்நூற்று நாற்பது. கிட்டுச்சாமி ஏன் இப்போது வருகிறான்? இந்த மாதிரி நேரத்தில் அவன் வருவான். கட்டுக்குள் அடங்காத எதுவும் கடைசியில் அவனிடம்தான் போய் முட்டும். இருபத்துநாலு வயதுப் பையன் அப்போது, மோட்டார் ரூமில் வேலை, பல்லைக் காட்டிச் சிரித்தால் வார்ப்பிரும்பும் சிரிக்கும் என்பார்கள்.

"சோறு ஆறிப் போச்சுங்க." மனைவி தெய்வானை கதவருகில் நின்றாள். மணி மூன்றேகால். "ஒரு மணிக்கு வெச்சேன். அந்தப் பெட்டிக்கு ஊட்டறதுன்னாலும் ஊட்டுங்க, வீணாக்காதீங்க." "அப்புறம் சாப்பிடறேன்." "அப்புறம்னா உங்க கடிகாரத்துலயா, எங்க கடிகாரத்துலயா?" இது இந்த வீட்டின் பழைய கேலி. இங்கே சுவர்க் கடிகாரம் ஓடுவது முந்தி, மேஜைக் கடிகாரம் முந்தி, அவருடைய பட்டன் போன்கூட முந்தி. தெய்வானையின் போன் ஒன்றுதான் ஊரோடு ஒத்துப் போகும். இந்த வீட்டுக்கு மட்டும் வெயில் சீக்கிரம் வருது என்று வந்தவர்களிடம் சொல்லுவாள். அவர் அதை வெட்கமாக நினைத்ததில்லை. சங்க ஆபீசிலிருந்து மில் கேட்டுக்கு நடந்து போகப் பதினொரு நிமிஷம். அந்தப் பதினொரு நிமிஷத்தைக் கடிகாரத்திலேயே ஏற்றி வைத்துவிட்டால் எந்த நாளும் பிந்தாது. முதலாளி வருமுன் நாம் நிற்க வேண்டும். சங்க வகுப்பில் முதல் பாடமாக இதைத்தான் சொல்லிக் கொடுப்பார். வெளியே நிற்கிற தோழர்கள் அவர் கையைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். "தட்டை மூடி வை, போ" என்றார். "மூடித்தான் இருக்குது. நீங்கதான் திறந்து கெடக்கறீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டாவது ஓட்டம். காற்றாடி அலறியது, அந்த அலறலுக்குள் மில்லின் அலறல் வந்தது, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமை விடிகாலை. வேலைநிறுத்தம் காலை ஆறு மணி முதல் என்று பதினாலு நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. ஆறுக்கு ஒரு நிமிஷம் முன்னால் எந்திரம் நின்றாலும் சட்டவிரோதம் என்பான் முதலாளி. ஆறுக்குப் பிறகும் ஓடினால், பயந்துவிட்டான் என்பான். கிட்டுச்சாமியிடம் முந்தின நாள் சொல்லியிருந்தார்: "மில் சங்கை நம்பாதே, கிட்டு. ஊத விடமாட்டானுக. நான் காம்பவுண்டுக்கு வெளிய நிப்பேன். என் துண்டு ஆடுனா, நெம்புகோலை இழு." துண்டு ஆடியது. உள்ளே நூல் சுற்றும் ஆயிரம் கதிரும் ஒரே மூச்சில் நின்றன, அப்படி ஒரு மௌனத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அதற்குப் பதினொரு நிமிஷம் கழித்துச் சங்கு ஊதியது. பதினொரு நிமிஷம் சங்கைப் பிடித்து வைத்திருந்தான் கயவன். டைம் ஆபீஸ் கடிகாரத்தையும் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். அன்று மாலையே நோட்டீஸ் அடித்தார், 'களவு போன பதினொரு நிமிடம்', நான்கு பக்கம், ஐயாயிரம் பிரதி. ஊரே அதைப் பேசியது. மற்றச் சங்கத்துக்காரர்களும் மேடையில் அதை வாசித்தார்கள். வேலைநிறுத்தம் இருபத்தாறாம் நாள் பாதி வெற்றியோடு முடிந்தது. எல்லாரும் உள்ளே போனார்கள், கிட்டுச்சாமி மட்டும் போகவில்லை. நோட்டீஸ் காலம் முடியுமுன் எந்திரத்தை நிறுத்தியவன் என்று விசாரணையில் முடிவாயிற்று. ஆறுக்குட்டியின் சாட்சியம் எடுபடவில்லை. இருகூரில் பஞ்சர் கடை போட்டான் அவன். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் டீ வாங்கிக் கொடுப்பான், காசு கொடுக்க விடமாட்டான். ஒரே ஒரு தரம், "உங்க வாட்ச்சு எப்பவுமே முந்தித்தான ஓடும், தோழர்," என்று சொல்லிச் சிரித்தான். எதற்குச் சொன்னான் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். டீ சூடாக இருந்தது, அதைக் குடிப்பதில் கவனமாக இருந்தார்.

வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றைக்கு வாட்ச் முந்தி ஓடவில்லை. அது அவருக்குத் தெரியும். முந்தின இரவு ரேடியோச் செய்திக்கு முன் மணி ஒலிக்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி நேராக வைத்தார், விசாரணையில் சத்தியம் செய்து சொன்ன வாக்கியம் அது. சரியாக வைத்தார். மூன்று சிவப்பு. அதே மூன்று. மூலையில் மூன்று நாற்பத்தாறு. விசைப்பலகையில் அவருடைய வலது கை, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தன, அவர் கேட்காமலே. அவர் அதைப் பார்த்தார். நிறுத்தினார்.

ஒன்பதாவது ஓட்டம், எந்திரம் முழுவதையும் அணைத்து ஏற்றிய பிறகு. அதே மூன்று. நான்கு மணி அடித்தது சுவரில். லேப்டாப்பிலும் நான்கு. கதவு மூடியாயிற்று. சுடலைவடிவிடம் என்ன சொல்லுவது? சதி என்று சொல்லலாம். அந்தச் சொல் வாய்க்குப் பழகியது, தானாக வந்து நிற்கும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை அவர். கதவு மூடியபின்னும் கேட்டில் நின்றவர்தான். அப்போது கோகிலவாணியின் செய்தி வந்து விழுந்தது. "ஐயா, காத்திருக்கேன். இன்னும் நேரம் இருக்கு." கேலி செய்கிறாளா? செய்தியின் ஓரத்தில் அது வந்த நேரம் பொடி எழுத்தில் இருந்தது, மூன்று ஐம்பது. லேப்டாப் மூலையில் நான்கு ஒன்று. இந்த நிமிஷம் வந்த செய்தி எப்படி மூன்று ஐம்பதில் வரும்? அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அறுநூற்று அறுபது. விதி எண் இல்லை, வரி எண் இல்லை. விநாடி. அறுநூற்று அறுபது விநாடி. அறுபதால் வகுக்கக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று சோதனைகள் மட்டும் வெளியுலகத்துக் கடிகாரத்தைக் கேட்டு, இந்த எந்திரத்தின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிற சோதனைகள். பத்து நிமிஷம்வரை பொறுக்கும். பதினொன்றைப் பொறுக்காது.

"தெய்வானை, உன் போன்ல மணி என்ன?" "மூணு அம்பத்தொண்ணுங்க. ஏன்?" அவர் லேப்டாப்பின் நேர அமைப்பைத் திறந்தார். நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி நிறுத்தப்பட்டிருந்தது. எந்திரத்தின் பதிவில் நிறுத்திய நாளும் இருந்தது, ஒன்பதாம் தேதி காலை ஏழு இருபது. இந்த எந்திரத்தைத் துடைத்துப் புதிதாக எல்லாம் ஏற்றிய நாள். நிறுத்தியவர் பெயரும் இருந்தது. அவர் பெயர். "ஒன்பதாந் தேதி இந்தப் பெட்டியை யாராவது தொட்டாங்களா?" "அதை யாருங்க தொடுவா, உங்களை விட்டா? காப்பி குடிச்சுட்டே சுவத்துக் கடிகாரத்தைப் பாக்கறது, அதுல என்னமோ அமுக்கறது, பாக்கறது, அமுக்கறது. நான் அரிசி களைஞ்சுட்டு இருந்தேன், பாத்தேன்." அவருக்கு நினைவில்லை. எவ்வளவு தேடியும் இல்லை. காப்பி நினைவிருக்கிறது, அரிசி களைந்த சத்தம்கூட நினைவிருக்கிறது. கை செய்ததை மண்டைக்குச் சொல்லவில்லை.

எட்டு நிமிஷம் இருந்தது. ஓட்டத்துக்கு ஆறு. வசதியைப் போட்டுவிட்டார், மூலையில் இருந்த நான்கு மூன்று சட்டென்று மூன்று ஐம்பத்திரண்டாக மாறியது, ஓட விட்டார். இனி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தவரிடம் அந்த ரேடியோ இரவு வந்தது, இந்த முறை முழுதாக. மணி ஒலிக்கிறது, கைக்கடிகாரத்தின் திருகை இழுக்கிறார், முள்ளை நேராக வைக்கிறார். இதுவரை சத்தியம். அப்புறம்? செய்தி வாசிக்கிறவன் குரல். மூலையில் கட்டி வைத்த தட்டிகள், பசை வாளியின் புளித்த வாடை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகின் பல் பல்லான விளிம்பு, இன்னும் அங்கேயே இருக்கிறது, இன்னும் திரும்புகிறது. ஒவ்வொரு வாரமும் நேராக வைத்த பிறகு செய்வதை அந்தக் கை அன்றும் செய்தது. செய்ததா? ஒன்பதாம் தேதி செய்யவில்லை என்றும்தானே சத்தியம் செய்திருப்பாய், ஆறுக்குட்டி. வெளியே நின்ற நாற்பது பேரில் கடிகாரம் கட்டியவர் நான்கு பேர், நான்கு பேரும் உன் கையைப் பார்த்துத் திருத்திக்கொண்டவர்கள். உனக்குச் சாட்சி நீயே நான்கு பேராக நின்றாய். சங்கை யாரும் பிடித்து வைக்கவில்லை. நூற்றி ஐம்பது பச்சை. ஐயாயிரம் பிரதி. இருநூறு. இருநூற்று ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. எல்லாம் பச்சை. மூன்று ஐம்பத்தெட்டு.

முடிவை ஒட்டினார். கீழே அந்தக் கட்டம் காத்திருந்தது, ஏன் தவறியது. விரல்கள் தாமாக ஒரு வாக்கியம் அடித்தன, 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்'. பார்த்ததும் அருவருப்பு வந்தது. மில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற பாஷை. யார் செய்தான் என்று சொல்லாத பாஷை. அதைக் கிழித்து வளர்ந்தவர் அவர். அழித்தார். 'என் கடிகாரத்தை நானே பதினொரு நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தேன். சோதனைகள் சரி. நேற்றைய என் அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறேன். ஆறுக்குட்டி.' அனுப்பினார். மூன்று ஐம்பத்தொன்பது. சற்று நேரத்தில் கோகிலவாணி ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்தது. "ரொம்ப நன்றிங்க ஐயா. அறிக்கையில ரெண்டாவது பத்தி மட்டும் நல்லா இருந்துச்சு." சுடலைவடிவுக்குத் திங்கட்கிழமை எட்டு மணி நேரம் எட்டாகவே நிற்கும். சந்தோஷப்படலாம். பட்டன் போனை எடுத்தார். இருகூர் எண் கைக்குத் தெரியும், இந்த முறை கையோடு மண்டையும் சேர்ந்து அழுத்தியது.

"சொல்லுங்க தோழர்." பின்னால் காற்றடிக்கிற மோட்டார் இரைந்தது. "கிட்டு, அன்னிக்குச் சங்கு சரியான நேரத்துக்குத்தான் ஊதுச்சு." மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். அவன்தான் நிறுத்தியிருக்க வேண்டும். "தெரியுங்க, தோழர். மோட்டார் ரூம் ஜன்னல்ல நின்னா டைம் ஆபீஸ் கடிகாரம் நேரா தெரியும். அஞ்சு நாப்பத்தொம்பது. துண்டு ஆடுச்சு. இழுத்துட்டேன்." "அந்தக் கடிகாரத்தை அவன் பின்னால தள்ளி வெச்சிருந்தான்னுதான..." "மில் சங்கு ஊதுன பொறவுதான் பக்கத்துக் கோயில்ல ஆறு மணி பூசைக்கு மணி அடிச்சுதுங்க. கோயில்காரனுமா முதலாளிகிட்டக் கைநீட்டுனான்?" அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "அப்பவே ஏண்டா சொல்லல?" "சாயங்காலம் வந்தேனுங்க சங்கத்துக்கு, சொல்லலாம்னு. நீங்க நோட்டீஸ் அடிச்சுட்டீங்க. ஐயாயிரம். மை காயல, எல்லாரும் கையில வெச்சுப் படிச்சுட்டு இருந்தாங்க." மேஜை மேல் வெள்ளைத் தாள் இருந்தது. ஆறுக்குட்டி அதை இழுத்து, பேனாவைத் திறந்து, தாளின் தலையில் 'திருத்தம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். "நாளைக்கு இருகூர் வர்றேன், கிட்டு. ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், முதல்ல நீ படிக்கோணும். பத்து மணிக்கு வர்றேன்."

"வாங்க, தோழர். டீ சொல்லி வெக்கறேன்," என்றான் கிட்டுச்சாமி. பிறகு, "உங்க பத்துங்களா, ஊர்ப் பத்துங்களா?" என்று கேட்டான்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஊர்ப் பத்து," என்றார்.